மலையும் முடத்தெங்கும்

நல்லாசிரியனுக்கு உவமை தேடப் புகுந்த பவணந்தி முனிவர் நிலத்தையும் மலையையும் துலாக்கோலையும் மலரையும் கண்டெடுத்தார். ஆசிரியர் ஆகாதவருக்கு அவர் தேர்ந்த உவமைகளோ இன்னும் சுவையுடையன: கழற்சிக்காய் பெய்த குடம், மடல் சூழ்ந்த பனை, பஞ்சடைத்த குண்டிகை, முடத்தெங்கு. இவற்றுள் முடத்தெங்கை மலைநாட்டு வகுப்பறையில் விளக்குவதற்கு உரையாசிரியர் எவரும் வேண்டியதில்லை. ஒருவன் தன் முற்றத்தில் நட்டு நீர் வார்த்து வளர்த்த தென்னை, வேலிக்கு அப்பால் வளைந்து அயலான் முற்றத்திலே காயை உதிர்க்கின்றது என்று சொன்ன அளவிலேயே மாணாக்கர் முகத்திற் பொருள் விளங்கிவிடுகின்றது. தம் முன்னோர் நீர் வார்த்த மரம் யாது, அதன் காய் எவர் முற்றத்தில் வீழ்ந்தது என்பதை அட்டனிலும் தலவாக்கலையிலும் பிறந்த பிள்ளைகளுக்கு யாம் சொல்லித்தர வேண்டுமோ?

நன்னூற் பாயிரத்தில் இன்னொரு சூத்திரமும் உளது. யாருக்கு நூல் உரைக்கலாம் என்று வரையறுக்கும் சூத்திரம் அது. தன் மகன், தன் ஆசிரியனுடைய மகன், அரசன் மகன், மிகுதியாகப் பொருள் தருவோன், வழிபடுவோன், சொன்னதை விரைந்து கொள்ளும் ஆற்றலுடையோன் என அறுவரை அது வரிசைப்படுத்துகின்றது. இதனைப் பல்லாண்டு கற்பித்து வருகின்றேன். அவ்வரிசை என்னை உறுத்தாத ஆண்டில்லை. முதல் நால்வரும் பிறப்பாலும் பொருளாலும் வந்தவர். ஆற்றலுடையோன் கடைசியில் நிற்கின்றான். பவணந்தியார் தம் காலத்து வழக்கைச் சொன்னார். அவரை நோவதில் பயனில்லை. நோக வேண்டியது, பதின்மூன்றாம் நூற்றாண்டின் அவ்வரிசை இருபத்தொன்றாம் நூற்றாண்டின் ஆய்வுகூட வாயிலிலும் பல்கலைக்கழக வாயிலிலும் ஏறக்குறைய அப்படியே நிற்பதையே. மருத்துவர் வீட்டுப் பிள்ளைக்கும் பேராசிரியர் வீட்டுப் பிள்ளைக்கும் உணவு மேசையிலேயே வழி தெரிந்துவிடுகின்றது. பொருளுடையோர் வழியை விலைக்கு வாங்கிக்கொள்கின்றனர். லயன் காம்பராவில் விளக்கேற்றிப் படிக்கும் பிள்ளையோ ஆறாமவனாக, சூத்திரத்தின் ஓரத்திலே காத்துக் கிடக்கின்றது.

வழி காட்டுவோனுக்குத் தமிழில் நல்லதொரு பழஞ்சொல் உண்டு: உசாத்துணை. உசாவுதல் என்பது கலந்து கேட்டல். கலந்து கேட்டுத் தெளிதற்குரிய துணைவன் உசாத்துணை. நம் நாட்டில் அச்சொல்லை நூலகத்தில் கொண்டுபோய் அடைத்துவிட்டோம். உசாத்துணைப் பகுதி என்றால் வெளியே எடுத்துச் செல்லக் கூடாத தடித்த நூல்கள் அடுக்கிய அலுமாரி என்றே மாணாக்கர் அறிவர். அச்சொல்லை மனிதர்க்கு மீட்டுக்கொடுக்க வேண்டும் என்பது என் அவா. ஆயின் அச்சொல்லிலேயே ஒரு சிக்கலும் இருக்கின்றது. உசாவினால் அன்றோ துணை? எதை உசாவுவது என்றே அறியாத பிள்ளை என் செய்யும்? தனக்கு முன் அவ்வழியே சென்றவர் ஒருவரையும் காணாத குடும்பத்தில் பிறந்த மாணவன், வழி என ஒன்று இருப்பதையே அறியான். கேட்பவர்க்கு மட்டும் உதவும் உசாத்துணை, கேட்கக் கற்றவர்க்கு மட்டுமே உதவுகின்றான். மலைநாட்டைப் பொறுத்தவரை விடயத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கின்றது.

இம்முடிச்சு எவ்வாறு விழுந்தது என்பதைச் சுருங்கச் சொல்லலாம். 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் சட்டம், தோட்டத்துப் பிள்ளைகளுள் ஆறு முதல் பத்து வயது வரை உள்ளோர்க்குக் கல்வி தரும் கடமையைத் தோட்ட நிருவாகத்தின்மேல் வைத்தது. பத்து வயதில் கல்வி முடிந்துவிடும். அதன்பின் கைகள் கொழுந்துக்கும் மண்வெட்டிக்கும் உரியவை. அக்கல்வியும் ஓர் ஆசிரியர், ஓர் அறை என்ற அளவிலேயே பெரும்பாலும் நின்றது. 1945இல் பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அவ்வெள்ளத்துக்குப் புறம்பே நின்றன. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் பெற்றோரை நாடற்றோர் ஆக்கிற்று. 1960இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு ஏற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் ஏற்கப்படவில்லை. 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனக் கணக்கிட்டுப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேர் பற்றிய முடிவு 1974 வரை தள்ளிப்போயிற்று. எந்த நாட்டில் வாழப் போகின்றோம் என்றறியாத வீட்டில், பிள்ளை எந்தத் துறையில் பட்டம் பெறும் என்ற பேச்சு எங்ஙனம் எழும்? தோட்டங்கள் 1975இல் அரசுடைமையான பின்னர், 1977 முதல் படிப்படியாகவே பாடசாலைகள் அரசின் கைக்கு வந்தன. அதன்பின் சுவீடன் நாட்டு உதவியால் கட்டடங்கள் எழுந்தன; செருமானிய உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி தோன்றி, மலைநாட்டு இளைஞரே மலைநாட்டுப் பிள்ளைகளுக்கு ஆசிரியராகும் நிலையை உண்டாக்கிற்று. இது சிறு செயலன்று. எனினும் நாட்டின் ஏனைய பிள்ளைகள் ஓடத் தொடங்கி முப்பதாண்டு கழித்தே நம் பிள்ளைகள் ஓடுகளத்துக்கு வந்தனர் என்பதை மறந்து, இருவரும் ஒரே கோட்டை எப்போது தொட்டனர் என்று பார்ப்பது நிறைகோலுக்கு அழகன்று.

இனி, அறிவியல் பற்றிய செய்திக்கு வருவோம். மலைநாட்டுக்கு அறிவியல் புதிய விருந்தாளி அன்று. ஹக்கலைப் பூங்கா 1861இல் சிங்கோனா மரத்தை ஆராயத் தோன்றிற்று. 1869இல் கோப்பிச் செடியில் துரு நோய் கண்டது. அந்நோயை ஆராய 1880இல் வந்த மார்ஷல் வார்டு என்னும் இளம் தாவரவியலார், அதற்குக் காரணம் ஒரு பங்கசு என்பதையும் அதன் வாழ்க்கை வட்டத்தையும் இரண்டாண்டு உழைத்து வெளிப்படுத்தினார். தாவர நோயியல் வரலாற்றில் அவ்வாய்வுக்குத் தனியிடம் உண்டு. கோப்பி அழிந்தது, தேயிலை நிலைத்தது. 1925இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பெற்றுப் பின்னர்த் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்டது. 1930களின் நடுவில், தேயிலை இலையைச் சுருட்டும் புழுவை அடக்குதற்கு யாவாத் தீவிலிருந்து ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்டனர். பூச்சியைக் கொண்டே பூச்சியை வெல்லும் முறைக்கு உலகெங்கும் எடுத்துக்காட்டப்பெறும் வெற்றி அது. 1946இல் கொப்புள வெளிறல் நோய் வந்தபோதும் சென் கூம்ஸே மருந்து கண்டது.

இத்தனையும் லயன்களின் கண்ணெதிரே நிகழ்ந்தன. நோயுற்ற இலையை முதலிற் காணும் கண் கொழுந்தெடுக்கும் பெண்ணின் கண் அன்றோ? எந்த மலையில் எம்மாதம் இலை வெளிறும், எந்த நிரையில் செடி தளரும் என்பதை அவள் அறிவாள். அவ்வறிவு அளவையும் அட்டவணையும் பெற்றால் அறிவியல் ஆகும். ஆயின் அவளுடைய மகள் அந்நிலையத்தின் வாயிலுக்குள் ஆய்வாளராகச் செல்லும் வழியை எவர் அவளுக்குக் காட்டினார்? தலவாக்கலைப் பக்கத்துப் பிள்ளைகளிடம் அந்நிலையத்தில் என்ன நடக்கின்றது என்று கேட்டுப் பார்த்ததுண்டு. "அங்கே பெரிய ஐயாமார் இருக்கிறார்கள்" என்பதே பெரும்பாலும் கிடைத்த விடை. வேலி என்பது கம்பியால் மட்டும் ஆவதன்று.

மலைநாட்டில் உசாத்துணைவரே தோன்றவில்லை என்று நான் கூறவில்லை. கோ. நடேசையர் எழுத்தாலும் தொழிற்சங்கத்தாலும் முதற்குரல் எழுப்பினார். மடக்கொம்பரைத் தோட்டத்திற் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை, 1947இல் பாராளுமன்றம் புகுந்த ஒருவர் கவிஞராகவும் இருக்கலாம் என்று காட்டினார். 1960களில் அட்டன் ஹைலன்ஸ் கல்லூரியில் ஆசிரியராக விளங்கிய இர. சிவலிங்கம், படித்த இளைஞரை ஒருங்கு திரட்டி, நூல் படிக்கவும் எழுதவும் மேடையேறவும் தூண்டினார். இன்று மலையக இலக்கியம் என்று நாம் பெருமையோடு சொல்வதன் வேர்களுள் ஒன்று அவ்வகுப்பறையில் இருக்கின்றது. பின்னாளில் அவர் தமிழகம் சென்று, ஒப்பந்தத்தால் அனுப்பப்பெற்றோரிடையே பணியாற்றினார்.

கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மலைநாட்டுக்குக் கிடைத்த வழிகாட்டிகள் பெரும்பாலும் இலக்கியத்தினர், அரசியலினர், தொழிற்சங்கத்தினர். இது தற்செயல் அன்று. கவிதைக்குத் தாளும் விளக்கும் போதும். இரசாயனவியலுக்குக் குடுவை வேண்டும், நீர்க்குழாய் வேண்டும், மின்சாரம் வேண்டும். இவற்றுக்கும் மேலாக, அவற்றைக் கையாண்டு பழகிய ஒருவர் அருகே நிற்க வேண்டும். இலக்கியத்தில் ஏகலைவர் உண்டு. ஆய்வுகூடத்தில் ஏகலைவருக்கு இடமில்லை. ஆகவேதான் மலைநாட்டுப் பட்டதாரிகளுள் கலைத்துறையினர் மிகுந்தும் அறிவியற்றுறையினர் அருகியும் காணப்படுகின்றனர். பிள்ளைகள் கலையை விரும்பித் தேர்ந்தனர் என்று சொல்வோர், தேர்வதற்கு அவர்கள்முன் இரண்டு இருந்தனவா என்று முதலிற் கேட்டறிதல் வேண்டும்.

கணிதத்திற்கு ஆய்வுகூடம் வேண்டாமே என்பார்க்கு இராமானுசனை நினைவூட்டலாம். அவரைத் தனித்தே முளைத்த அற்புதம் என்று போற்றுவது நம்மவர் வழக்கம். உண்மையில் அவர் வாழ்வு, ஒரு கையிலிருந்து மறு கைக்கு ஏந்திச் செல்லப்பட்ட விளக்கின் வரலாறு. கணிதம் தவிர்ந்த பாடங்களில் தவறியமையால் கும்பகோணத்தில் உதவித்தொகை போயிற்று. பச்சையப்பன் கல்லூரியிலும் தேர்வு கைகூடவில்லை. அந்நிலையில் சேசு ஐயர் அவரை இராமச்சந்திர ராவுக்கு அறிமுகம் செய்தார். ராவ் மாதந்தோறும் தம் கைப்பொருள் தந்தார். சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக அமர்ந்தபின், மேலதிகாரி நாராயண ஐயர் இரவில் உடனிருந்து கணக்குப் பார்த்தார். 1913இல் ஹார்டிக்குக் கடிதம் போவதற்குமுன் கேம்பிரிட்சுப் பேரறிஞர் இருவர் கதவு திறக்கவில்லை. ஹார்டி திறந்தார். அதனினும் நான் வியப்பது வேறொன்று: 1914இல் நெவில் என்னும் இளம் கணித அறிஞர் சென்னைக்கு விரிவுரையாற்ற வந்தபோது, தாமே இராமானுசனைக் கண்டு பேசி, அவர் தயக்கம் தீர்த்து, பல்கலைக்கழகத்திடம் உதவித்தொகைக்கும் பரிந்துரைத்தார். உசாவுமுன்னே வந்த துணை அது. ஆயின் இதனையும் உடன் சொல்ல வேண்டும்: அவர் கல்வி பழகிய குலத்திற் பிறந்து, கல்லூரி உள்ள கும்பகோணத்தில் வளர்ந்தவர். அறிமுகம் செய்ய ஒரு சேசு ஐயர் அங்கே இருந்தார். அதே மதி பொகவந்தலாவையில் ஒரு லயனில் அக்காலத்தே பிறந்திருந்தால், பத்தாம் வயதிற் கையில் மண்வெட்டி ஏறியிருக்கும்.

மலைத்தோட்டச் சூழலிலேயே பிறந்து அறிவியலில் உயர்ந்தவரும் உண்டு. அன்னா மணி 1918இல் திருவிதாங்கூரின் பீருமேட்டிற் பிறந்தார். ஏலத்தோட்டங்கள் உடைய பொறியியலாளரின் மகள் அவர். எட்டாம் பிறந்தநாளில் வைரத்தோடு வேண்டாம், கலைக்களஞ்சியம் வேண்டும் என்று கேட்டார் என அவர் வரலாறு கூறும். கேட்டதும் கிடைத்தது. பெங்களூரில் சி.வி. இராமனுடைய ஆய்வுகூடத்தில் வைரத்தையும் மாணிக்கத்தையும் ஒளியியலால் ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டார், ஆய்வேட்டையும் அளித்தார். ஆயின் முதுகலைப் பட்டம் இல்லை என்ற காரணங்காட்டிச் சென்னைப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் தர மறுத்தது. பின்னர் அவர் இலண்டன் சென்று வானிலைக் கருவிகளைக் கற்று, 1948இல் இந்திய வானிலைத் துறையிற் சேர்ந்து, அத்துறையின் கருவிகளை நாட்டிலேயே செய்யும் நிலையை உண்டாக்கினார். தோட்டம் உடையவர் மகளுக்கே ஒரு கதவு இவ்வாறு அடைத்ததென்றால், அத்தகைய தோட்டமொன்றில் கூலிக்குக் காய் பறித்தவளின் மகளுக்கு எத்தனை கதவு அடைத்திருக்கும் என்பதை எண்ணிக்கொள்க.

இன்றைய நிலைக்கு வருவோம். உயர்தரத்தில் அறிவியற் பிரிவும் கணிதப் பிரிவும் நடத்தும் பாடசாலைகள் 1ஏபி வகையின. தோட்டப்புறத்துப் பாடசாலைகளுள் மிகப் பல அவ்வகையைச் சேர்ந்தவை அல்ல. ஆகவே சாதாரண தரத்தில் விஞ்ஞானத்தில் சிறந்த பெறுபேறு பெற்ற பிள்ளை, தொடர்ந்து அறிவியல் கற்க வேண்டுமாயின் ஊர் விட்டு நகரப் பாடசாலைக்குச் செல்ல வேண்டும். விடுதிச் செலவு, பேருந்துச் செலவு, மேலதிக வகுப்புக்குப் பணம். பெண் பிள்ளையாயின் அச்சமும் சேர்ந்துகொள்கின்றது. பௌதிகவியல் ஆசிரியர் ஒருவர் வந்தாலும் இடமாற்றக் காலம் வரும்வரையே அவர் நமக்குரியவர். வெளியூரிலிருந்து வந்து மலைநாட்டிலேயே வாழ்நாளைக் கழித்த ஆசிரியரும் உளர். அவர்களை இன்றும் தோட்டங்கள் பெயர் சொல்லிப் போற்றுகின்றன. ஆயின் ஒரு பாடசாலையின் அறிவியல் தனியொருவர் தியாகத்தைச் சார்ந்து நிற்பது முறையன்று.

மாவட்ட ஒதுக்கீடு இருக்கின்றதே என்பர் சிலர். உண்மை. கலைத்துறை நீங்கலான பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதம் நாடளாவிய தகுதி, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள் என்று இடங்கள் பகிரப்படுகின்றன. நுவரெலியாவும் அப்பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று. ஆயின் அம்முறை மாவட்டத்தை அளக்கின்றதேயன்றி மாவட்டத்துக்குள் இருக்கும் மேட்டையும் பள்ளத்தையும் அளப்பதில்லை. நகரத்துப் பிள்ளையும் டிக்கோயா மேற்றோட்டத்துப் பிள்ளையும் ஒரே பட்டியலில் நிற்கின்றனர். துலாக்கோல் நேரானதுதான், தட்டில் ஏறுமுன்னரே ஒருவன் பாதி எடை இழந்துவிட்டான்.

பல்கலைக்கழகம் புகுந்தபின்னும் துன்பம் தீர்வதில்லை. ஒளித்தொகுப்பு, ஆர்முடுகல், மூலக்கூறு என்று தமிழிற் கற்றவன், அங்கே அனைத்தையும் ஆங்கிலத்திற் கேட்கின்றான். தமிழில் அறிவியல் கற்றது குறையன்று. சொற்களை ஆக்கித் தந்த பெரியோருக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். குறை, ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் பாலம் இடாமல் நீந்தச் சொல்வதில் இருக்கின்றது. தோட்டத்திலிருந்து பேராதனை சென்ற ஒரு மாணவி, முதலாண்டில் விரிவுரையாளர் அறைக் கதவைத் தட்டலாம் என்பதே தனக்குத் தெரியாது என்று சொன்னாள். மற்றவர்கள் தட்டியதைக் கண்டாளாம். அவர்கள் உறவினராய் இருக்கக்கூடும் என்று எண்ணினாளாம்! தன் மகன், ஆசான் மகன் என்ற சூத்திரத்தை நன்னூல் படியாமலே அவள் உணர்ந்திருந்தாள்.

இத்தகைய பிள்ளைக்கு வேண்டுவது ஊக்கவுரை அன்று. ஊக்கவுரைகள் மலைநாட்டில் தேவைக்கு மேல் நடக்கின்றன. பதாகை கட்டி, மாலை சூட்டி, ஐந்து பேச்சாளரை வரிசையாக அமர்த்தி, ஒரே பகலில் மருத்துவம் முதல் விண்வெளி வரை கொட்டிவிட்டு மாலைப் பேருந்தில் இறங்கிச் செல்வர். கழற்சிக்காய்க் குடம் என்று முனிவர் சொன்னது இதனைத்தான்; முன்னது பின்னதாகவும் பின்னது முன்னதாகவும் கடகடவென்று கொட்டும், கேட்டவர் கையில் ஒன்றும் தங்காது.

நல்லாசிரியனுக்குரிய பண்புகளுள் உலகியலறிவு என்பதனையும் பவணந்தியார் சேர்த்திருக்கின்றார். உரைகாரர் அதனைப் பெரும்பாலும் விரைவாகக் கடந்துவிடுவர். மலைநாட்டுக்கு இன்று அதுவே தலையாய பண்பு எனத் தோன்றுகின்றது. எப்பாடத்தொகுதி எத்துறைக்குக் கொண்டு செல்லும்? விண்ணப்பம் எம்மாதம்? மகாபொல உதவித்தொகைக்கு என்ன சான்று வேண்டும்? இஸட் புள்ளி என்றால் என்ன? சிறு செய்திகளே. ஆயின் இவற்றை அறியாமையால் ஓராண்டை இழந்த பிள்ளைகளை நான் அறிவேன். வீட்டின் கணக்கையும் உசாத்துணைவன் அறிந்திருத்தல் வேண்டும். பதினாறு வயது மகன் கொழும்புக் கடையொன்றுக்குச் சென்றால் அடுத்த மாதமே பணம் வரும். படித்தால் ஆறேழாண்டு செலவு. தாய் பெரட்டுக்குப் போய் நாட்பேர் போட்டு ஈட்டுவது எவ்வளவு என்று தெரியாமல் "படிக்க வையுங்கள் அம்மா" என்று சொல்லிவிட்டு வருவது எளிது. மலைபோன்ற ஆசிரியன் வறட்சியிலும் வளம் தருவான் என்கின்றது நன்னூல். வறட்சி எங்கே இருக்கின்றது என்று தெரியாதவன் எதைத் தருவான்?

தோட்டங்களிலிருந்து சென்று மருத்துவராயும் பொறியியலாளராயும் பேராசிரியராயும் உயர்ந்தோர் இன்று இருக்கின்றனர். அவர்களைப் பற்றி ஒரு சொல். அவர்களுள் சிலர் பிறந்த தோட்டத்தின் பெயரைச் சொல்லக் கூசுகின்றனர். அதற்கு அவர்களைப் பழிக்க நான் முற்படேன். அப்பெயர் கேட்ட மாத்திரத்தில் எதிரே இருப்பவர் முகம் மாறுவதைக் கண்டவர்களுக்கே அக்கூச்சம் தெரியும். ஆயினும் தோட்டத்துப் பாடசாலைக்கு ஒரு முறை வந்து, நானும் இந்த லயனில் பிறந்தவன்தான் என்று அவர் சொல்லும் ஒரு வாக்கியத்துக்கு, நூறு பாடப்புத்தகம் செய்யாத வேலையைச் செய்யும் ஆற்றல் உண்டு. பெண் ஆய்வாளர் ஒருவர் வந்து சொன்னால் இன்னும் நன்று; கொழுந்துக் கூடையோடு வாயிலில் நின்று கேட்கும் தாய்மாரும் அதனைக் கேட்பர்.

2023இல் மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்த 200ஆம் ஆண்டை நினைவுகூர்ந்து, முன்னோர் நடந்த வழியே மன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்தனர். அந்நடையில் இளைஞரும் பட்டதாரிகளும் இருந்தனர். மலைநாட்டுக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் வேண்டும் என்ற குரலும் நெடுநாளாக ஒலிக்கின்றது, அது வருக. அதுவரை காத்திராமல் செய்யத்தக்கது ஒன்றுண்டு. சாதாரண தரப் பெறுபேறு வெளியாகும் நாளுக்கும் உயர்தர வகுப்புத் தொடங்கும் நாளுக்கும் இடையே சில கிழமைகள் உள. அறிவியலா கலையா, கல்வியா கடையா என்று தோட்டத்துப் பிள்ளையின் வாழ்வு தீர்மானம் ஆவது அக்கிழமைகளிலேதான். பட்டம் பெற்ற ஒருவர் தம் சொந்தப் பிரிவில் இரண்டு பிள்ளைகளின் பெயரைக் குறித்துக்கொண்டு, அழைப்பை எதிர்பாராமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் அவ்வீட்டுக்குச் செல்லட்டும். ஞாயிறாய் இருத்தல் நன்று; தாயும் வீட்டிலிருப்பாள். பெறுபேற்றுத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்து, அருகிலுள்ள 1ஏபி பாடசாலை எது, அங்கே யாரைக் காண வேண்டும், முதல் ஆறு மாதத்துக்கு எவ்வளவு செலவாகும் என்பதை அவர்கள் முன்னிலையிலேயே ஒரு தாளில் எழுதிக் கொடுக்கட்டும். திரும்பும்போது அடுத்த முறை வரும் தேதியையும் அத்தாளின் அடியில் எழுதிவைக்கட்டும்.